ஞாயிற்றுக்கிழமை ஈரலும் உங்கள் கேள்விகளும்

போன மாதம் ரத்தசோகை பற்றி எழுதும்போது ஈரல் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க ஈரல். சைவ வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் கீரைக்கு வருகிறேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 15 வயது. ஹீமோகுளோபின் 9.2 இருக்கிறது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டாள். மாத்திரையெல்லாம் எதற்கு, தினமும் ஆட்டு ஈரல் கொடு, ஒரு மாதத்தில் ஏறிவிடும் என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?
வாசகி, விருதுநகர்

பதில்: ஈரல் கொடுக்கலாம், ஆனால் தினமும் வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்பு வெளியே போவதால்தான் அந்தக் கறுப்பு நிறம், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கோ ஒருநாள் விட்டு ஒருநாளைக்கோ மாற்றித் தருவார்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு, செம்மறி ஆட்டு ஈரலில் 7 மில்லிகிராமுக்கு மேல். பாலக் கீரையில் அதே 100 கிராமுக்கு 3 மில்லிகிராம்கூட இல்லை, இருப்பதையும் உடம்பு சுலபமாக உறிஞ்சாது. அந்த வகையில் ஈரல் நல்ல பொருள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தருகிறார்களே நீல மாத்திரை, அந்த ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 9.2-ஐ 12-க்குக் கொண்டுபோகிற வேலை மாத்திரையுடையது, ஏறினது மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்கிற வேலை சாப்பாட்டுடையது. உங்கள் மகள் மட்டும் இல்லை, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாயில் அதிகம் போகிறதா, பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாளா என்று இந்த மூன்றையும் பாருங்கள், ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை.

தினமும் ஏன் கூடாது என்றால், இரும்பால் இல்லை, வைட்டமின் ஏ-வால். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, உங்கள் மகள் வயதுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. 100 கிராம் செம்மறி ஈரலில் 7000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது, கோழி ஈரலிலேயே 3000-ஐத் தாண்டிவிடும். மிச்சமானால் வைட்டமின் சி மாதிரி சிறுநீரில் போய்விடாது, நம்முடைய ஈரலிலேயே சேர்ந்து தங்கும். மாதக்கணக்கில் சேர்ந்தால் தலைவலி, தோல் உரிதல், முடி கொட்டுதல், ஈரல் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். 1597-இல் ஆர்க்டிக்கில் மாட்டிக்கொண்ட டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைச் சாப்பிட்டு, அவர்களில் மூன்று பேருக்குத் தலை முதல் கால்வரை தோல் உரிந்தது என்று கூடப் போனவரே எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்டு ஈரல் அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள், சமைத்த பிறகு ஒரு கையளவு, அதாவது 50 முதல் 75 கிராம், அதுவே தாராளம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை எடுக்கிற பெண் என்றால் அதுவும் வேண்டாம், அந்த மாத்திரையே வைட்டமின் ஏ குடும்பம்தான்.

இப்போது உங்கள் மாமியாருக்கு ஒரு நல்ல செய்தி. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மண்ணீரலைத்தான் சொல்கிறேன், சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள், நான் எறிந்து பார்த்ததில்லை. செம்மறி ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, ஈரலைப் போல ஐந்து மடங்கு, வைட்டமின் ஏ தொல்லையும் இல்லை. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும், அதனால் காலையிலேயே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். ரத்தம் ஊற சுவரொட்டி கொடு என்று பழைய ஆட்கள் சொன்னது இந்த விஷயத்தில் சரிதான்.

கேள்வி: எனக்கு மூன்றாம் மாதம். ரத்தம் ஊறணும், பிள்ளை கலராகப் பிறக்கும் என்று அம்மா வாரம் இரண்டு முறை ஈரல் செய்து கொடுக்கிறார். கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று ஒருத்தி சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. இதுவரை ஐந்தாறு தடவை சாப்பிட்டுவிட்டேன்.
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதலில் தூங்குங்கள் அம்மா. ஐந்தாறு தடவை சாப்பிட்டதால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அடுத்த முறை செக்கப் போகும்போது, இவ்வளவு சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஸ்கேனை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் இன்றோடு ஈரலை நிறுத்துங்கள். கரு உருவாகும் மாதங்களில், ஈரலில் இருக்கிற ரெட்டினால் என்ற வடிவத்தில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போனால் குழந்தையின் முகம், இதயம், மூளை வளர்ச்சியில் கோளாறு வரலாம். இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் ஈரலைச் சாப்பிட வேண்டாம் என்றே அரசு சொல்கிறது. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் இதே கணக்கில்தான் வரும். கேரட், பப்பாளிப்பழம், முருங்கைக்கீரையில் இருப்பது வேறு வடிவம், உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து மாற்றி எடுத்துக்கொள்ளும், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். (பப்பாளி என்றதும் அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். நன்றாகப் பழுத்ததைச் சொல்கிறேன், காயை இல்லை.)

கலர் விஷயத்தை விட்டுவிடுங்கள், அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது.

அம்மா சொல்வதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். 1931 தொடக்கத்தில் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார், இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்களுக்குக் குணமானது. கச்சா ஈரல் சாறு கொடுத்தாலும் குணமானது, ஆனால் அதே ஈரல் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்தால் ஆகவில்லை. அப்படியென்றால் சுத்திகரிக்கும்போது தொலைந்துபோகிற ஏதோ ஒன்றுதான் மருந்து என்று அவர் பிடித்தார். அந்த ஏதோ ஒன்றுதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்று, இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் கையில் தரும் மாத்திரைக்குள் இருக்கிறது. ஈரலில் எது உங்களுக்கு வேண்டுமோ அது மாத்திரையில் வந்துவிட்டது, எது வேண்டாமோ அது இன்னும் ஈரலிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால் மேலே சொன்ன சுவரொட்டியை நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் செய்தால் ஈரல் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது, வாடையும் போவதில்லை. என் வீட்டுக்காரர் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிடுகிறார். குக்கரில் ஆறு விசில் விட்டுப் பார்த்தும் வேகவில்லை.
வாசகி, ஈரோடு

பதில்: வேகவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது முதல் விசிலுக்கு முன்னாலேயே வெந்துவிட்டது, மிச்ச ஐந்து விசிலும் அதற்குத் தண்டனை. நானும் கல்யாணமான புதிதில் இதையேதான் செய்தேன், நாலு விசில், மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றுவிட்டு ரசம் கேட்டார். தொடைக்கறியில் நார் இருக்கிறது, வேக வேக அது கரைந்து கறி மெத்தென்று ஆகும். ஈரலில் அந்த நாரே கிட்டத்தட்ட இல்லை, அதனால் வெந்ததற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறி இறுகத்தான் செய்யும். குக்கரை மறந்துவிடுங்கள், வாணலி போதும்.

பாதி விஷயம் கடையிலேயே முடிந்துவிடும். நீங்கள் நிற்கும்போது அறுத்த ஆட்டின் ஈரலாக, பளபளவென்று, கருஞ்சிவப்பில், விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பதை வாங்குங்கள். கடையில் தொங்குகிற ஆடுகளில் கிழட்டு ஆட்டு ஈரலைவிட இளங்குட்டி ஈரல் மெதுவாகவும் இருக்கும், வாடையும் குறைவு. வீட்டுக்கு வந்ததும் மேலே கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் உரிந்துவிடும், அதை விட்டுவிட்டால் வாணலியில் சுருண்டு துண்டை இறுக்கும். உள்ளே ஓடும் வெள்ளைக் குழாய்களையும் வெட்டி எறியுங்கள். கோழி ஈரல் என்றால் பித்தப்பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பச்சையாகக் கறை பட்ட இடத்தைத் தாராளமாக வெட்டிப் போட்டுவிடுங்கள், அது ஒரு துளி கலந்தாலும் மொத்தக் குழம்பும் கசக்கும்.

வாடைக்குப் புளிக்காத மோர். ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, மோரில் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள், பாலில் போட்டாலும் சரி. எங்கள் வீட்டில் கால் கிலோவுக்கு இப்படித்தான்: நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கை நிறைய சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போகிற வரை வதக்கி, அப்புறம் ஈரலைப் போட்டு இரண்டு நிமிடம் தீயைக் கூட்டிப் புரட்ட வேண்டும். நிறம் மாறியதும் மல்லித்தூள், தீயைக் குறைத்து மூடி வையுங்கள், அது விடுகிற தண்ணீரே போதும். ஆறேழு நிமிடம் கழித்துப் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள், சிவப்போ சிவப்புத் தண்ணீரோ இல்லையென்றால் அந்த நிமிடமே உப்பும் இடித்த மிளகும் போட்டுப் பிரட்டி இறக்கிவிடுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் ஈரல் இறுகும் என்பார்கள், நானும் கடைசியில்தான் போடுகிறேன், ஆனால் உப்பைவிட நேரம்தான் பெரிய எதிரி. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், ருசிக்கும் ஆகும், இரும்பு உடம்பில் சேரவும் ஆகும்.

இன்னும் உங்கள் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினால் அடுத்த வாரம் அவரைச் சமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈரல்தான் உடம்பில் உள்ள விஷத்தையெல்லாம் வடிகட்டுகிறது, அப்படியென்றால் ஈரலைச் சாப்பிடுவது விஷத்தைச் சாப்பிடுவதுதானே? போன வாரம் வாங்கிய ஈரலில் வெள்ளையாகத் தண்ணீர்க் கட்டி வேறு இருந்தது. அந்தப் பகுதியை நாய்க்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைத்தோம்.
வாசகர், தஞ்சாவூர்

பதில்: டீ வடிகட்டியில் சக்கை தங்குவதுபோல ஈரலில் விஷம் தங்குவதில்லை. வந்த பொருளை வேறு பொருளாக மாற்றிப் பித்தத்திலோ சிறுநீரிலோ வெளியே அனுப்பிவிடும். தங்குவது வேறு சில சமாச்சாரம்: வைட்டமின் ஏ, பி12, செம்பு, கூடவே காட்மியம் மாதிரி கன உலோகங்கள். இந்தக் கன உலோகம் வயதான ஆட்டில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், இளங்குட்டி ஈரல் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஊசி போட்டு சில நாள்கூட ஆகாத கோழி, ஆட்டில் மருந்தின் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. வாரம் ஒருநாள் சாப்பிடுகிறவர் இதற்காகப் பதற வேண்டியதில்லை.

எனக்குப் பதற்றம் தந்தது உங்கள் கடைசி வரிதான். அந்தத் தண்ணீர்க் கட்டி ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கும் பையாக இருக்கலாம். மனிதர் அதைத் தின்றால்கூட அதனால் அவர் உடம்பில் இந்தக் கட்டி வருவதில்லை. நாய் பச்சையாகத் தின்றால்தான் அதன் குடலில் புழு வளர்ந்து, முட்டை மலத்தில் வெளியே வந்து, நாயின் ரோமத்திலும் மண்ணிலும் கீரையிலும் ஒட்டி, கடைசியில் நம் வாய்க்குள் போய், நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே மாதிரிக் கட்டியாக வளரும். வருடக்கணக்கில் தெரியாது, தெரியும்போது ஆபரேஷன் வரை போகும். இனி கட்டி இருந்தால் முழு ஈரலையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வீட்டுக்கு வந்துவிட்டால் ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். உங்கள் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டி நாடாப்புழு மருந்து கொடுங்கள், பிள்ளைகள் நாயைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். குழாய்களுக்குள் இலை மாதிரி தட்டையாகப் புழு இருந்தால் அது தட்டைப்புழு. அதுவும் சமைத்தால் செத்துவிடும், ஆனால் அப்படிப்பட்ட ஈரலை நான் சமைக்க மாட்டேன்.

கேள்வி: ஹோட்டலில் கோழி ஈரலை நடுவில் இளஞ்சிவப்பாக விட்டுத் தருகிறார்கள், பஞ்சு மாதிரி இருக்கிறது. நீங்கள் சிவப்பே இருக்கக்கூடாது என்கிறீர்களே?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பஞ்சு மாதிரி இருக்கும், மறுநாள் வயிறும் பஞ்சு மாதிரி ஆகலாம். மாட்டுக்கறித் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், வெளியே வறுத்தால் போய்விடும். கோழி ஈரலில் கேம்பைலோபேக்டர் என்ற கிருமி உள்ளேயும் இருக்கும், மேலே சிவக்க வறுத்துப் பயனில்லை. நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். பச்சை மாட்டு ஈரலை ரசித்துச் சாப்பிட்ட ஜப்பானிலேயே 2012-இல் ஹோட்டல்களில் அதைப் பரிமாறத் தடை போட்டுவிட்டார்கள், 2015-இல் பன்றி ஈரலுக்கும். பன்றி ஈரல் சரியாக வேகாவிட்டால் ஹெபடைடிஸ் ஈ வரலாம். இன்னொன்று, கோழி ஈரலைக் குழாயடியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள், கிருமி பக்கத்தில் இருக்கிற தக்காளி வரை போகும். கழுவாமல் நமக்கு மனசு ஆறாது, அதனால் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி ஊற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துவிடுங்கள். வாங்கியதை அன்றே சமைப்பது நல்லது, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: யூரிக் அமிலம் 8.4. ஈரல் சாப்பிடலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். யூரிக் அமிலம் இன்னும் ஏறி, கால் கட்டைவிரல் மூட்டு வலியால் உங்களைத் திட்டும். தலசீமியா, ரத்தத்தில் இரும்பு அதிகம், செம்பு சேரும் வில்சன் நோய் என்று எழுதிய மற்ற மூவருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, 14 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். பாதம் மரத்துப்போகிறது, பி12 குறைவு என்கிறார்கள். வாரம் அரைக் கிலோ ஈரல் வாங்கிக் கொடுத்தும் ஏறவில்லை. ஏன்?
வாசகி, திருச்சி

பதில்: இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் பி12 குடலுக்குள் ஏறும். ஒரு வேளைச் சாப்பாட்டில் அப்படி ஏறுவது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். செம்மறி ஈரல் 100 கிராமில் 90 மைக்ரோகிராம் இருந்தாலும் வாசல் அவ்வளவுதான் திறக்கும், மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து போகும். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் அந்த வாசலும் குறுகும், கேஸ் மாத்திரையும் கூடவே போட்டால் இன்னும் மோசம்.

அந்தப் புரதமே சுரக்காத ஒரு ரத்தசோகை இருக்கிறது, ஒரு காலத்தில் வந்தால் சாவு நிச்சயம் என்றிருந்தது. 1926-இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் அந்த நோயாளிகளுக்குத் தினமும் ஈரலாகவே கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள், அதற்கு முன் நாய்களுக்கு ஈரல் கொடுத்து ரத்தம் ஊறுவதைக் காட்டிய விப்பிளையும் சேர்த்து 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு. அவ்வளவு ஈரலைக் கொட்டினால்தான் அந்தக் கசிவு தேறியது. தினமும் தட்டைப் பார்த்தாலே குமட்டும் அளவுக்குச் சாப்பிட வேண்டியிருந்தது பாவம் அவர்களுக்கு. 1948-இல் பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகு ஊசி வந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அந்த ஊசியோ, அதிக அளவு மாத்திரையோதான், டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மினைத் தானாக நிறுத்த வேண்டாம். வாரம் அரைக் கிலோவை இன்றே விடுங்கள், அந்த வயதில் வைட்டமின் ஏ கூடினால் எலும்பும் பலவீனமாகும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஈரல் ஊட்டலாமா? அங்கன்வாடியில் வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்திருக்கிறார்கள்.
வாசகி, காரைக்குடி

பதில்: ஊட்டலாம். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு வைட்டமின் ஏ 600 மைக்ரோகிராம்தான் எல்லை, ஆட்டு ஈரல் பத்து கிராமிலேயே அது வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை கட்டைவிரல் நுனியளவு ஒரு துண்டு, நன்றாக வேகவைத்துப் பருப்புச் சாதத்தில் மசித்துக் கொடுங்கள். சொட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருவது, அதற்காக இதை நிறுத்த வேண்டாம். மிளகை மட்டும் அப்பா தட்டுக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.